காக்கை கொண்டுவந்த மணி

அணிலுக்குக் குட்டி பிறந்திருந்தது. பார்க்க வந்த காக்கையை நம்பாமல், அது பொந்து வாசலை மறித்து நின்றது. காக்கை ஒரு சலங்கை மணியை உள்ளே உருட்டிவிட்டது.

"அண்ணே, குட்டி அசைஞ்சா சத்தம் கேக்குமே!"

"அதுதானே அழகு!"

அப்போது மரத்தடிக்கு ஒரு பூனை வந்தது. குட்டி புரண்டது, மணி கிணுகிணுத்தது. பூனை நிமிர்ந்து பார்த்து, மரத்தில் நகம் பதித்து ஏறத் தொடங்கியது. அணில் குட்டியின் மேல் கவிழ்ந்து படுத்து மூச்சை அடக்கிக்கொண்டது.

காக்கை சட்டென்று பொந்துக்குள் தலையை நீட்டி மணியைக் கவ்வியது. பூனையின் மூக்கருகே அதை ஆட்டிக்கொண்டே தாழப் பறந்தது. பூனை கீழே குதித்துத் துரத்தியது.

வெகுநேரம் கழித்து, வால் இறகுகள் பிய்ந்துபோய்க் காக்கை திரும்பி வந்தது.

"மணி கிணத்துல விழுந்துடுச்சு. வெறுங்கையோட வந்திருக்கேன்" என்று தயங்கியது.

அணில் வாசலை விட்டு விலகியது.

"உள்ள வாங்கண்ணே. குட்டியைக் கிட்ட வந்து பாருங்க."