வாத்துகள் காத்திருக்கின்றன

பிள்ளைக்குக் கணக்கு ஏறாது என்று டீச்சர் சொன்னது பொய்யாகிப் போகட்டும் என்று ஜெஸ்லா மனதுக்குள் கேட்டுக்கொண்டே நிற்கிறாள். உக்குவளையில் அவளுடைய நானா, கூடப்பிறந்த மூத்தவர் றினோஸின் கம்ப்யூட்டர் கடை. கண்ணாடிக் கதவில் பின்னேர வெயில் சாய்ந்து கிடக்கிறது. றினோஸ் திரையில் முதலில் போட்ட கணக்கு விளையாட்டில் நேரம் காட்டி மூலையில் ஒரு மணிக்கூடு சுழல்கிறது. ஆறு வயது மகள் ஹனா அவசரமாக ஏதோ ஓர் எண்ணை அமுக்கிவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். றினோஸ் அடுத்ததைப் போடுகிறார். இதில் மணிக்கூடு இல்லை. குளத்தில் ஏழு வாத்துகள்; கரையிலிருந்து இன்னும் ஐந்து இறங்குகின்றன. ஹனாவின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது, தொழுதுவிட்டு ஜெஸ்லா தஸ்பீஹ் எண்ணுவதைப் போலவே. வாத்துகள் சிறகைக் கோதிக்கொண்டு காத்திருக்கின்றன. "இவ எண்ணி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முட்ட போட்டுடும்" என்கிறார் றினோஸ். பெருவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவில் வந்து நிற்கிறது. பன்னிரண்டு. சரி. அடுத்ததும் சரி, அதற்கடுத்ததும். ஜெஸ்லாவின் தோள்கள் தாமாகவே தளர்கின்றன. பிள்ளைக்கு எண்ணத் தெரியும். விரல் போய்ச் சேர நேரந்தான் வேண்டியிருந்திருக்கிறது. "இதுலயும் டைம் வெக்க ஏலும், ஜெஸ்லா. வெச்சாத்தான் ஸ்பீட் வரும். வெக்கவா?" ஹனாவின் பெருவிரல் மறுபடியும் முதல் கணுவுக்குப் போகிறது. "வாணாம் நானா," என்கிறாள் ஜெஸ்லா, "இப்பிடியே இருக்கட்டும்."