பாதியில் பாதி

"அந்தப் பக்கம் போ. என் கண்ணிலேயே படாதே."

மூடிய அறைக்குள்ளிருந்து மாமியார் போட்ட சத்தம் கூடம் வரை கேட்டது. மருமகள் சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு விலகி வந்தாள்.

கூடத்தில் இருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "தினமும் இதே பாட்டா? நானா இருந்தா பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்."

"அத்தையும் அதைத்தான் சொல்றாங்க அக்கா. நான் போனா அவங்களுக்கு யார் சமைப்பா?"

"உன்மேல அப்படி என்ன வெறுப்பு?"

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அத்தைக்குத் தைராய்டுல புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு கதிரியக்க அயோடின் கொடுத்திருக்காங்க. மிச்சமிருக்கிற நோயை அதோட கதிர் அழிச்சிடும். ஆனா கொஞ்ச நாளைக்கு அவங்க உடம்புலேருந்தும் கதிர் வரும். எட்டு நாள்ல அந்த அயோடின் பாதியாகும், அடுத்த எட்டு நாள்ல அதுல பாதி. அடங்குற வரைக்கும் யாரும் நெருங்கக் கூடாது."

"உன் புருஷன் இப்பதானே உள்ள போய் வந்தான்?"

"அவர் எட்ட நின்னு பேசலாம். எனக்கு மட்டும் அதுவும் கூடாதாம்." அவள் கண்கள் நிறைந்தன. "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குக்கா. அவர்கிட்டகூட இன்னும் சொல்லல. அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டாங்க."