பதினாலு பாயின்ட்

"ஜெயிச்சாங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் கமருன்னிசா.

"மூணாவது மேட்சும் தோல்விதான்," என்று குடையை மடக்கினார் அமீர் அலி. "சீசன் தொடங்கி ஒண்ணுகூட ஜெயிக்கல. நம்ம இன்ஷா மட்டும் பதினாலு பாயின்ட்."

திண்பண்டத் தட்டோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு முஜிபுர் சிரித்தான். வார்டு ஆபீஸில் கட்டாயப் பட்டாளத்துக்கு ஆண், பெண் என்று பார்க்காமல் பெயர் எழுதுகிறவன் அவன்.

"அவ இருந்துமா காலேஜ் டீம் தோக்குது? ஹாஸ்டலே கதின்னு கிடக்காளே, வீட்டுப்பக்கம் வரமாட்டாளா பாய்?"

"கோச் விடமாட்டேங்கிறார் தம்பி."

"அப்ப அடுத்த மேட்சுக்கு நானும் வர்றேன். நம்ம தெருப் பொண்ணு ஆடுறதைப் பாக்கணும்ல?"

அவன் போனதும் கமருன்னிசா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கூட ஆடின பொண்ணுங்களுக்காவது போன் பண்ணினாளாமா?"

"இல்ல. தாய்லாந்து எல்லைக் காட்டுல இறங்கப் போறோம்னு நம்மகிட்ட சொன்னதுதான் கடைசி."

பட்டாளத்துக்குப் பயந்து யாங்கோனை விட்டு மகளை ரகசியமாக அனுப்பியதே அவர்கள்தான்.

"இப்ப இவன் மேட்சுக்கு வந்து நின்னா?"

"ஆட்டத்துல கால் முறிஞ்சு மாவ்பி ஊர்ல உங்க அக்கா வீட்டுல படுத்திருக்கான்னு சொல்லிடுறேன்."

கமருன்னிசா சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"பொய்க்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க. அந்தக் காலாலதான் அவ காட்டைத் தாண்டணும்."