ஆளுக்கொரு லேயர்

கல்யாணப் படங்களில் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் மாஸ்க் போட்டு, லேயர் எனும் தனி அடுக்காகப் பிரித்து நிறமேற்றுவது அருள்ராஜின் தொழில். அதே வித்தையைத் தன் ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடியிலும் மனைவி பியூலாவின் கண்ணாடியிலும் செய்துவைத்தான். இருவர் முகத்துக்கும் கல்யாண நாளின் நிறத்திலும் பொலிவிலும் ஆளுக்கொரு லேயர்; கண்ணாடி வழியே பார்த்தால் ஒருவருக்கு மற்றவர் முகம் அன்றிருந்தபடியே தெரியும். வருஷக்கணக்காக அந்த வீட்டில் புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும்தான்.

பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை. "முகம் பளிச்சுன்னுதானே இருக்கு" என்று அவன் அசட்டையாக இருந்துவிட்டான். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

டாக்டர் அவள் கண்ணாடியைக் கழற்றி, கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சள்காமாலை முத்திப்போச்சு. கண்ணு இப்படி மஞ்சளா கெடக்கே, பாக்கவே இல்லையா?"

அருள்ராஜ் மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றினான். எதிரே பியூலாவின் மஞ்சள் கண்கள், ஒட்டிய கன்னம், காதோரம் நரை.

வெறும் கண்ணால் பியூலாவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இவரையும் கொஞ்சம் பாருங்க," என்றாள். "இவர் கண்ணும் அப்படித்தான் இருக்கு."