ஜோகூர் பாருவில் ஒரு ஃப்ளாட்

"'திருவானைக்காவல்ல அரை கிரவுண்டு வாங்கவே நாலு பேரைக் கேப்பீங்க, கடல் தாண்டி ஃப்ளாட் வாங்கும்போது யாரைக் கேட்டீங்க?'ன்னு போன்ல சொல்றீங்க. இது ஒரு ஆடிட்டர் பேசுற பேச்சா, சார்?"

மேலச் சித்திரை வீதி ஆபீஸுக்குள் நுழையும்போதே அனுபமா ஆரம்பித்துவிட்டாள்.

ஆடிட்டர் மாத்ருபூதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்க மேடம்."

"உக்காரவா வந்தோம்?" என்றபடியே உட்கார்ந்தாள். கூட வந்த சிநேகிதி ரெங்கநாயகியையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளையும் இந்த ஆடிட்டரிடம் சேர்த்துவிட்டது அனுபமா.

ஃப்ளாட் யோசனையும் அவளுடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன் திருச்சி ஓட்டல் ஒன்றில் நடந்த வீட்டுக் கண்காட்சியில், மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். 'ரெண்டு வருஷத்துல வித்துடலாம்டி. இங்கேர்ந்து நேர் ஃப்ளைட் இருக்கு, மெட்ராஸ் போற மாதிரிதான்.' ரெங்கநாயகி போட்டது, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரான கணவரின் பணம் அத்தனையும்.

விற்கப் போனபோதுதான் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்குள் விற்கும் வெளிநாட்டுக்காரர்கள், லாபத்தில் முப்பது சதவீதம் அங்கே வரி கட்ட வேண்டும்.

"நான் எப்படிய்யா வெளிநாட்டுக்காரி?" என்று ஏஜென்டைக் கான்வென்ட் இங்கிலீஷில் வறுத்தெடுத்தாள் அனுபமா. மலேசியாவில் தான்தான் வெளிநாட்டுக்காரி என்பது உறைக்க அவளுக்கு அரை நாள் ஆனது.

அது ஆறுவதற்குள், நேற்று ரெங்கநாயகிக்கு வருமான வரி நோட்டீஸ். வெளிநாட்டுச் சொத்தை ரிட்டர்னில் காட்டவில்லை, பத்து லட்சம் அபராதம் ஏன் போடக் கூடாது?

"இன்னிக்கு இவளுக்கு, நாளைக்கு எனக்கு. நீங்க அப்பவே கண்டிச்சிருக்க வேண்டாமா?"

"கண்டிச்சேனே மேடம். 'நம்ம வெள்ளைப் பணம், பேங்க் மூலமா அனுப்பினது, அதை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்'னு நீங்கதான்..."

"நான் ஆயிரம் சொல்வேன் சார். எனக்கு என்ன தெரியும்? பத்தாம் கிளாஸ்ல கணக்குல முப்பத்தஞ்சு. அதுவே ஸிஸ்டர் பாவம் பார்த்துப் போட்டது."

மாத்ருபூதம் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு நோட்டீஸ் வராது. வருஷா வருஷம் உங்க ஃப்ளாட்டைக் காட்டியிருக்கேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேக்காம எப்படி? ஜூலை மாசம் ரிட்டர்ன் ஆறு பக்கத்தையும் மெயில்ல அனுப்புவேன், படிச்சிட்டு ஒப்புதல் குடுங்கன்னு. ரெண்டே நிமிஷத்துல 'ஃபைன், கோ அஹெட்'னு பதில் போடுவீங்க."

ஆறு பக்கம், ரெண்டு நிமிஷம். முதல் பக்கத்தைக்கூடத் திறந்ததில்லை. தன் சோம்பேறித்தனத்துக்குப் பத்து லட்சம் மதிப்பு என்று தெரிந்ததும் அனுபமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பார்த்தியா ரெங்கா! அப்போ இவளோடதும் இப்படித்தானே போட்டிருப்பீங்க? நோட்டீஸ் தப்பா வந்திருக்கும், இல்லே சார்?"

மாத்ருபூதம் ரெங்கநாயகியைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள்.

"அவங்க ஆறு பக்கமும் படிச்சாங்க மேடம். ஃப்ளாட் இருந்த வரியைப் பார்த்துட்டு, 'அனு வேண்டாம்னு சொல்லியிருக்கா, எடுத்துடுங்க'ன்னு எழுதினாங்க. எடுத்தா நான் ரிட்டர்ன் போட மாட்டேன்னேன். வேற ஆள்கிட்ட போய்ப் போட்டுக்கிட்டாங்க."

அனுபமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ரெங்கநாயகி நோட்டீஸை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ரெங்கா... என்னை ரெண்டு வார்த்தை திட்டவாவது திட்டுடி."