பெட்டிக்குள் வைக்கோல்

ஏசுவடியான் வாத்தியாருக்குத் தன் சாவின் மேல் அப்படியொரு பெருமை. தேக்கில் சவப்பெட்டி செய்து நடுவீட்டில் வைத்திருந்தார். வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று கோயில் முடிந்து வந்ததும், வெள்ளை வேட்டியோடு அதில் ஏறிப் படுத்துக்கொள்வார். தெருக்காரர்கள் நாங்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். "மனுஷன் புல்லுக்குச் சமானம். நான் ரெடி, ஆண்டவர்தான் லேட்" என்பார். அவர் மனைவி ஞானப்பூ அடுப்படியை விட்டு எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

இந்த வருஷம் படுத்த இடத்திலேயே அவருக்கு நெஞ்சு வலித்தது. "யாராச்சும் ஆட்டோவக் கூப்பிடுங்கய்யா! என்னையச் சாகக் குடுத்துராதிய!" என்று அலறிக்கொண்டு, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் பெட்டியிலிருந்து எகிறிக் குதித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியபோது பெட்டி நிறைய வைக்கோல். உள்ளே மாங்காய்களைப் பழுக்கப் போட்டிருந்தாள் ஞானப்பூ. மறுநாள் நாங்கள் நலம் விசாரிக்கப் போனால், வாத்தியார் மூடியைத் தூக்கி ஒவ்வொரு மாங்காயாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏட்டி, ஒண்ணாவது பழுத்துட்டா?"

"ஆண்டவருக்கு நாப்பது வருஷம் காத்துக்கெடந்தியளே, மாங்காய்க்கு நாலு நாளு பொறுக்க முடியலையோ?" என்றாள் ஞானப்பூ, அடுப்படியிலிருந்தே.

அவர் மூடியைப் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். லேசாக மணக்கத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு ஒன்றுகூடத் தர மாட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.