தூணடி முனிக்கு இரண்டு பொட்டலம்

முனீஸ்வரர் காலடித் தட்டில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் இருந்தன. ஊரே அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க, செல்லாயி மட்டும் பக்கத்துக் கடையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்குக் காரச் சம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

“நாங்கல்லாம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கிறோம், நீங்க சம்பால் கிண்டுறீங்களேக்கா” என்றான் சுகுமாரன், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி.

“எனக்கு நெருப்பு அடுப்புலதான் இருக்கு, தம்பி. முனி என்னைய விட்டுட்டுப் போவாதுலா.”

முடிவு தெரிவதற்கு முன்பே, நேற்று கடைக்குப் புதுத் தகரக் கூரையும் போட்டிருந்தாள். அப்படி ஒரு நம்பிக்கை.

கோயிலும் கடையும் குனோங் ராபாட் ஊரின் ஓரத்தில், பழைய ரயில் பாலத் தூண்வரிசையில் ஒரே தூணின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தூண்களின்மேல் ஒரு காலத்தில் ஈயமண் ஏற்றிய ரயில் ஓடியது. இப்போது மேலே புல்லும் புதரும்தான். அந்த உயரத்துப் பாதை முழுவதையும் மரமும் பெஞ்சும் வைத்துப் பூங்காவாக்கப் போவதாக தினேஸ்வரி என்ற அதிகாரி வந்து சொன்ன நாளிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது.

கோயில் வேறிடத்துக்குப் போனால், பூங்காவுக்கு ஏறும் படிக்கட்டு இங்கே வரும். மேலே வரும் சின்னக் கடைகளும் இந்த ஊர்க்காரர்களுக்கே. கோயில் இங்கேயே இருக்கட்டும் என்றால், படிக்கட்டும் கடைகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். தினேஸ்வரி எதையும் வற்புறுத்தவில்லை. நீங்களே பேசி ஒரு முடிவு சொல்லுங்கள் என்றுவிட்டார்.

பேசி என்றைக்கு முடிவு வந்தது? சாமி தலைக்கு மேலே ஆட்கள் சப்பாத்து போட்டு நடப்பதா என்று ஒரு கூட்டம் கேட்டது. ரயிலே ஓடியபோது பேசாமல் இருந்த முனி சப்பாத்துக்கா கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று செல்லாயி திருப்பிக் கேட்டாள்.

அவள் கவலை வேறு. கோயில் நகர்ந்தால் அதன் நிழலில் இருக்கும் கடையும் போய்விடும். மேலே வரும் கடைகளில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. தண்ணீரும் வெட்டிய பழமும்தான் விற்கலாம். சோறு பொங்கிச் சம்பால் கிண்டுவதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

கடைசியில் பூசாரி கார்த்திகேசு, முனியிடமே பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்றார். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. சிவப்பு வந்தால் முனி இருப்பார், வெள்ளை வந்தால் கிளம்புவார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே ஆற்றில் விடுவதுதான் அங்கே வழக்கம்.

பூவை யார் கட்டுவது என்பதில் மறுபடியும் இழுபறி. கத்தரின் பெயரைச் சொன்னவள் செல்லாயிதான். கத்தரின் மாதா கோயிலுக்குப் போகிறவள். முனி இருந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுதான். செல்லாயியும் அவளும் சுங்கை சிப்புட்டில் ஒரே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் வளர்ந்து, லயத்தை இடித்தபோது ஒரே லாரியில் சாமான் ஏற்றி வந்தவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கத்தரின் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன.

பூசாரி மணியடித்தார். அவருடைய பேத்தி, இன்னும் மழலை மாறாதவள், தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு பொட்டலத்தைத் தூக்கி அவரிடம் நீட்டினாள். அவர் இலையைப் பிரித்தார்.

வெள்ளை அரளி.

பின்னால் நின்ற இளவட்டங்கள் கைதட்டின. கடையில் கரண்டி நின்றது. செல்லாயி ஈரக் கையோடு ஓடி வந்து, பூசாரி கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனி சொன்னால் சொன்னதுதான், மனதை விட்டுவிடாதே என்று கார்த்திகேசு தேற்றியது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மற்ற பொட்டலத்தைத் தானே ஆற்றில் விட்டுவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். தூணுக்குப் பின்னால் போனதும் இலையைப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை அரளிதான்.

நிமிர்ந்தபோது எதிரே கத்தரின் நின்றிருந்தாள். செல்லாயியின் கையில் விரிந்து கிடந்த இலையைப் பார்த்தும் அவள் விலகிப் போகவில்லை.

“மேல பழக்கடைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்க்கா. படிக்கட்டு இங்க வந்தாத்தான் கெடைக்கும். எங்க வீட்டுக்காரருக்குக் கால வெட்டி எடுத்ததுலேருந்து வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.”

“லயத்துல ஒரே தட்டுல தின்னோமேடி.”

கத்தரின் கூட்டம் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. செல்லாயி ஒரு குரல் கொடுத்தால் போதும், ஊரே திரண்டு வந்து கத்தரினை நாலு கேள்வி கேட்கும். பூவை மறுபடி கட்டச் சொல்லும். கடையும் ஒருவேளை தப்பும். செல்லாயி விரிந்த இலையை மறுபடி மடித்தாள்.

“கூப்பிடுங்கக்கா” என்றாள் கத்தரின், நிதானமாக. “எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்க.”

செல்லாயி தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். யார் காதிலும் விழாதபடி கேட்டாள்:

“ரெண்டுலயும் செவப்புதானேடி வைக்கச் சொன்னேன்?”